என் அப்பா எடுக்காத படங்கள்

1. பலகை

கண்காட்சிக்கு நான்கு நாட்கள் இருக்க, செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் பகுதி வரலாற்றுச் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் இருபத்தெட்டு வருடங்களாக வுப்பர்டாலின் தெருக்களையும் பழைய கட்டடங்களையும் எடுத்த படங்களில் நாற்பதைச் சங்க மண்டபத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. வாசலில் நிற்கப்போகும் விளக்கப் பலகையின் மாதிரியை அனுப்பியிருந்தார்கள். "தந்தையும் மகனும்: ஒரு நகரம், இரண்டு தலைமுறை" என்பது தலைப்பு. முதல் பதினாறு படங்களை எடுத்தவர் அகதியாக வந்த கந்தையா என்றும், அவர் விட்ட இடத்திலிருந்து மகன் சத்தியசீலன் தொடர்ந்தார் என்றும் கீழே எழுதியிருந்தது.

சத்தியசீலன் நான். கந்தையா என் அப்பா. அவர் ஜேர்மனிக்கு ஒருநாளும் வந்ததில்லை. கமராவைக் கையால் தொட்டதும் இல்லை. அந்தப் பதினாறில் ஏழு படங்கள் எடுக்கப்பட்ட நாட்களில் அவர் உயிரோடும் இல்லை.

தெருக்களைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் சிலர் என்ன கமரா வாங்கலாம், என்ன லென்ஸ் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் படத்தின் பின்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2. அளவுமானியும் கமராவும்

என் தொழில் அளவுமானி வாசிப்பது. வீடு வீடாகப் போய் ஹீட்டரிலும் தண்ணீர்க் குழாயிலும் பொருத்தியிருக்கும் மீற்றர்களைப் பார்த்து எண்களை எழுதவேண்டும். எந்த நாள், எந்த நேரம் வருவோம் என்று முன்கூட்டியே வாசலில் டெர்மின் சீட்டு ஒட்டுவோம். அந்த நாளில், அந்த நேரத்தில், வீட்டுக்காரர் கதவைத் திறக்கவேண்டும். இதனால் இந்த நகரத்தின் பழைய வீடுகள் பலவற்றின் படிக்கட்டுகளும் நிலவறைகளும் பின்முற்றங்களும் எனக்குத் தெரியும்.

ஒரு வீடு. சுவர் முழுவதும் கருங்கற்பலகை ஓடு, வெள்ளை ஜன்னல் சட்டம், பச்சை மரக்கதவுகள். இந்தப் பக்கத்து வீடுகளின் பழைய உடுப்பு அது. அடுத்த வருடம் மீற்றர் வாசிக்கப் போனபோது பச்சைக் கதவுகள் இல்லை, பிளாஸ்டிக் ஜன்னல் வந்திருந்தது. சொந்தக்காரரிடம் கேட்டேன்.

"பச்சைக் கதவா? இந்த வீட்டில எப்பவும் இப்பிடித்தான்," என்றார். அவர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன வருடம் அந்தக் கதவில் கைவைத்துச் சப்பாத்துக் கயிறு கட்டியவன் நான். அந்தக் கிழமையே ஒரு பழைய கமரா வாங்கினேன்.

வேலை இரண்டு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு படம். வெயிலில் கருங்கற்பலகை மினுங்கும், விபரம் தெரியாது. ஆகவே மேகமூட்டமான நாட்களை எடுத்துக்கொண்டேன். வீட்டு இலக்கம் படத்துக்குள் வரவேண்டும். விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை அடி நடந்து நின்றேன் என்பதைக் குறித்துக்கொள்வேன், அடுத்த வருடமும் அதே இடத்தில் நிற்பதற்கு. படத்தின் பின்னால் தெரு, இலக்கம், நாள், மணி, பெயர். இதில் ஒன்றைக்கூட ஒருநாளும் விட்டதில்லை. பிழை வந்ததோ பெயரில்.

3. முன்னுக்குப் பின்

ஊர்ப் பத்திரங்களில் என் பெயர் கந்தையா சத்தியசீலன். அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். எங்களுக்கு அதில் குழப்பம் இல்லை. அகதி விண்ணப்பம் எழுதிய அலுவலர் முன்னால் நின்றதை முதற்பெயர் என்றும் பின்னால் நின்றதைக் குடும்பப் பெயர் என்றும் பதிந்தார். அன்று தொடங்கி வேலையிடத்தில் எல்லோரும் என்னைக் "கந்தையா, கந்தையா" என்று கூப்பிட்டார்கள். வாடா போடா என்று பேசும் மேற்பார்வையாளர் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை ஏசும்போது காது கூசும். ஜேர்மன் பிரஜாவுரிமை கிடைத்தபோது அன்ட்ராக் என்று இங்கே சொல்லும் விண்ணப்பம் போட்டு முறையாக மாற்றினேன்: முதற்பெயர் சத்தியசீலன், குடும்பப் பெயர் கந்தையா.

நான் ஒழுங்கான ஆள். படத்தின் பின்னாலும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதவேண்டும் என்று நினைத்தேன். எனவே முதல் பதினொரு வருடப் படங்களில், அந்தப் பதினாறும் இதற்குள்தான், கந்தையா சத்தியசீலன்; பிறகு சத்தியசீலன் கந்தையா. சங்கத்தின் தலைவி ஃபிராவ் லிண்ட்னர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இதைப் பார்த்து இரண்டு ஆட்கள் என்று எண்ணினார்.

அவரை மட்டும் குறைசொன்னால் அது நேர்மையில்லை. பங்குனி மாதத்தில் தொலைபேசியில் என்னைக் கேட்டார். நான் ஒரு நிலவறையில் டோர்ச்சைப் பல்லால் கடித்தபடி மீற்றர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹெர் கந்தையா, பழைய படங்களில முதற்பெயர் கந்தையா எண்டிருக்கு. அது ஆர்?"

"அது என்ர அப்பா," என்றேன். பெயரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிலவறையில் தொடர்பு அறுந்துபோனது. நான் திருப்பி எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லில் என் அப்பா வுப்பர்டாலுக்குக் குடிவந்துவிட்டார்.

4. நல்ல கதை

பலகையின் மாதிரியை முதலில் மனைவியிடம் காட்டினேன். மலர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"மாமான்ர பேர்தானே போட்டிருக்கினம். ஏன் இப்பிடித் துள்ளுறியள்?"

"அவர் எடுக்கேல்லை."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்கு என்ன? செத்த மனிசனுக்கு ஒரு மரியாதை எண்டு நினையுங்கோ."

கடைக்கார இராசன் அதற்கு மேலே போனான். "அண்ணை, தகப்பன்ர பேர் டொச்சுக்காரன்ர மண்டபத்தில தொங்குது. நானெண்டா தேங்காய் உடைச்சிருப்பன். நீங்கள் வழக்குப் போடுறியள்."

எனக்குத்தான் பெருமை தெரியவில்லை என்று இருவரும் முடிவுகட்டினார்கள். அப்பா ஒரு மனிதர். காங்கேசன்துறை வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், ரியூப் ஒட்டினார், அதில் எங்களைப் படிக்கவைத்தார். அந்த மரியாதை அவருக்குப் போதும். அவர் செய்யாததை அவர் தலையில் கட்டினால், அவர் செய்தது எங்கே போகும்?

புதன்கிழமை சங்க அலுவலகத்துக்குப் போனேன். ஃபிராவ் லிண்ட்னர் கோப்பி ஊற்றித் தந்தார். பிழையை விளக்கினேன். அவருடைய முகம் சிவந்தது. உண்மையிலேயே வருந்தினார். பிறகு சொன்னார்:

"பேப்பரில வந்திட்டுது, ஹெர் கந்தையா. துணை மேயர் தந்தையும் மகனும் எண்டு பேச்சும் எழுதிப்போட்டார். எவ்வளவு அழகான கதை. ஒரு அடையாளமாய் எடுத்துக்கொள்ளக் கூடாதா?"

"என்ர அப்பா அடையாளம் இல்லை. அவர் ஆள்."

"வாசிக்கிறவைக்கு மனசு உருகுது."

"அப்ப அந்தப் பதினாறையும் கழட்டித் தாங்கோ."

"அது இல்லாட்டி கண்காட்சியே இல்லை. இடிச்ச வீடுகள் எல்லாம் அதிலதானே இருக்கு."

அது உண்மை. எனக்கும் அது தெரியும். பதினாறு வீடுகளில் ஒன்பது இப்போது இல்லை. அவற்றை இந்த நகரத்து ஆட்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடம் மழையில் நின்றேன். படங்களைத் திருப்பி வாங்கினால் வீடுகள் இரண்டாம் தரமும் இடியும். விட்டால் அப்பாவின் பெயரில் பொய் நிற்கும். கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

பிறகு சொன்னேன். "அப்பா என்னைப் பார்க்க வர ரெண்டு தரம் விசா கேட்டவர். ரெண்டு தரமும் மறுத்தினம். வந்தா திரும்பிப் போவார் எண்டு நம்பேலாதாம். கடையும் வீடும் மனிசியும் அங்க இருந்த மனிசன். என்ர வீட்டுப் படியில ஒரு காலை வைக்காமலே செத்தவர். உயிரோட விடேல்லை. இப்ப உங்களுக்கு ஒரு கதை தேவைப்பட, அன்ட்ராக்கும் இல்லாமல் உள்ளுக்க எடுத்திருக்கிறியள்."

ஃபிராவ் லிண்ட்னர் பலகையின் மாதிரியை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "என்ன எழுதவேணும், சொல்லுங்கோ," என்றார். பேனையை எடுத்தார்.

5. சனிக்கிழமை

புதுப் பலகை அச்சடிக்க நேரமில்லை. பழையதன்மேல் மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் தாள் ஒட்டி, அவரே தட்டச்சுச் செய்ததைப் போட்டிருந்தார். நாற்பது படங்களையும் எடுத்தவர் ஒருவரே என்றும், பெயர் முன்பின்னாகப் பதியப்பட்டது எப்படி என்றும், கந்தையா என்பவர் இந்த நகரத்துக்கு வர விரும்பியும் அனுமதி கிடைக்காதவர் என்றும். கடைசி வரியை நான் கேட்கவில்லை. அவராகவே சேர்த்தது.

துணை மேயர் எழுதிவந்த பேச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மூன்று நிமிடம் வானிலையைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் பேசினார். சனம் படங்களைப் பார்த்தது. ஒரு கிழவி ஒன்பதாம் படத்தின் முன்னால் நின்று, அது தான் பிறந்த வீடு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்தது தகப்பனா மகனா என்று அவர் ஒருதரமும் கேட்கவில்லை.

பத்திரிகை திருத்தம் போடவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய பொய்யை ஒருவரும் திருத்தமாட்டார்கள். அந்தப் பத்திரிகை நூலகத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து வாசிக்கிறவர் அதைத்தான் நம்புவார். நான்காவது கடிதத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்திரத்தில் உள்ளது உங்கள் பெயர் என்று நம்பி நிற்காதீர்கள். படத்தின் பின்னால் ஒரு முழு வசனம் எழுதுங்கள்: யார் எடுத்தது, அவர் யாருடைய பிள்ளை. யாராவது தொலைபேசியில் கேட்டால், நிலவறையிலிருந்து மேலே ஏறி வந்து பதில் சொல்லுங்கள். உங்களைப் பற்றிய பிழை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கெதியாகத் திருத்துங்கள்.

நான் பழைய பெட்டிகளை இறக்கி ஒவ்வொரு படமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மலர் தேத்தண்ணி கொண்டுவந்தவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"மாமான்ர பேரை வெட்டிப்போட்டியளோ?"

"இல்லை, வாசியும்."

கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்து வாசித்தாள்: கந்தையாவின் மகன் சத்தியசீலன் எடுத்தது.