துளசிங்கத்தின் கையிலிருந்த துடைப்பம்

துளசிங்கம் போய்விட்டார். நேற்று காலை, விம்கோ நகர் அருகே, லாரி அடித்து.

அவருடைய மச்சான்தான் போனில் சொன்னார். "உரசிகினு போன லாரிய நிறுத்தி, ட்ரைவர கீழ எறக்கி அட்ச்சிகினு இருந்தாரு சார்... பின்னாடி வந்த கன்டெய்னர பாக்கல."

அடித்துக்கொண்டிருந்தார். ஆமாம்... வேறு எப்படி இருந்திருப்பார்.

என் நண்பர்களில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, அழித்து, திரும்பவும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எண்ணூர் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரி. ஹைட்ரஜன் நிறைந்த ஒரு கழிவு வாயுவைச் சும்மா வெளியே கொளுத்தி வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஃபர்னஸில் எரிப்பதற்கு, மாசு குறைவாக வெளியேற்றும் பர்னரை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த ஃபர்னஸுக்கு ஃபோர்மேன், துளசிங்கம்.

ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பைப் இணைப்பில் கசிந்து எரிந்தால், உடம்பு வெந்த பிறகுதான் தெரியும். அதனால் பர்னர் பக்கம் போகிறவர் தென்னந்துடைப்பம் ஒன்றை முன்னால் நீட்டிக்கொண்டே போக வேண்டும். துடைப்பம் பற்றினால் அங்கே தீ. பல இடங்களில் உள்ள வழக்கம்தான், என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

முதல் நாள் துளசிங்கத்தின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன். வாங்கினார், முறித்தார், என் முகத்தில் எறிந்தார். அடுத்த நொடி என் காலர் அவர் பிடியில்.

"இன்னா சார், தொடப்பம் குட்க்கிற? நான் இன்னா பெருக்கவா வந்துகீறேன்? மூஞ்ச பேத்துடுவேன்!"

கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. காலரை அவர் விடவும் இல்லை. அப்படியே குனிந்து, முறிந்த துடைப்பத்தைப் பொறுக்கி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் பர்னரின் முன் நீட்டினேன்.

வெறும் காற்றில் அது குப்பென்று பற்றியது.

காலரை விட்டார். "பேமானி... கண்ணுக்கே தெர்ல பாரு" என்றார்.

அதன் பிறகு அந்தத் துடைப்பத்தை அவர் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. துடைப்பம் இல்லாமல் பர்னர் பக்கம் போன ஃபிட்டருக்கு அவர் விட்ட அறையில் பல் போனது. கேன்டீனில் "இன்னா மாமு, வாசல் பெருக்கியாச்சா" என்று கேட்டவர் மேல் சாம்பார் வாளியே பறந்தது.

எனக்கும் அவரிடம் பயம்தான். சுவரோரமாக நடப்பேன்.

பிறகு அந்த ஆயுத பூஜை...

மேனேஜரின் மனைவி, மாமனார், மாமியார் எல்லாரும் வந்திருந்தார்கள். ஓடுகிற ஃபர்னஸின் பர்னர் அருகே போய்ச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அங்கே வழக்கம்.

துளசிங்கம் துடைப்பத்தோடு முன்னால் போனார். நுனி கருகுவதைப் பார்த்து வால்வை மூடத் திரும்பினார். அதற்குள் மறுபக்கத்திலிருந்து மேனேஜர் தட்டோடு நேராக அந்தத் தீயை நோக்கி வந்துகொண்டிருந்தார். காற்றூதும் ப்ளோயர் சத்தத்தில் துளசிங்கம் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

துடைப்பத்தாலேயே முகத்தில் அடித்தார். மேனேஜர் நிற்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். தட்டு பறந்தது. மூக்கில் ரத்தத்தோடு விழுந்தவரைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப் போய் வால்வை மூடினார்.

இரும்புக் கம்பியால் அடித்திருந்தால்கூட மேனேஜர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். துடைப்பத்தால்... பூஜை நாளில்... மாமனார் எதிரில்.

அங்கே நெருப்பே இல்லை, தன் மேல் உள்ள பகையில் துளசிங்கம் அடித்தார் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். துடைப்பத்தின் நுனி எப்போதும் கருகித்தான் இருக்கும் என்பதால் அதுவும் சாட்சியாகவில்லை. துளசிங்கத்தை வேலையிலிருந்து நீக்க விசாரணை வைத்தார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். கசிவு இருந்தது என்று நான் சொன்னால், முதலில் என் பர்னரைத்தான் கழற்றச் சொல்வார்கள். அதுவும் தெரியும்.

வாசலில் துளசிங்கம் நின்றிருந்தார். "சார், நீ ஒண்ணியும் பேசாத. உனுக்குத்தான் பேச்சே வராதே. ரெண்டு பேர பொளந்துட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன், வுடு."

அவர் சொன்னது சரிதான். உள்ளே எனக்குப் பேச்சு வரவில்லை. கையால் காட்டி, விசாரணை அதிகாரிகளை ஃபர்னஸ் அருகே கூட்டிப்போனேன். பைப் இணைப்பில் கசிந்த கேஸ்கெட்டை யாரும் இன்னும் மாற்றியிருக்கவில்லை. வாயுவைக் கொஞ்சமாகத் திறந்து பற்றவைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

"பாருங்க, எங்க இருக்கு நெருப்பு?" மேனேஜர் சிரித்துக்கொண்டே முன்னால் ஓரடி வைத்தார்.

வேறு வழி தோன்றவில்லை. துடைப்பத்தை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிவிட்டேன். அவர் மூக்குக்கு எதிரே நுனி குப்பென்று எரிந்தது.

பின்னாலிருந்து துளசிங்கத்தின் குரல். "அடி சார்! ஒண்ணு போடு சார்!"

நான் அடிக்கவில்லை.

துளசிங்கத்தின் வேலை தப்பியது. மேனேஜரிடம் மன்னிப்பு மட்டும் கேட்கச் சொன்னார்கள். "அட்ச்சதுக்குக் கேக்கறேன். தொடப்பத்துக்குக் கேக்க மாட்டேன். கைல அதான் இருந்திச்சு" என்றார். என் பர்னரைக் கழற்றி ஓரம்கட்டிவிட்டு, வெகு நாள் கழித்து, புது கேஸ்கெட்டோடு மறுபடி ஓடவிட்டார்கள். அதை முதலில் பற்றவைத்ததும் அவர்தான்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று சாயங்காலம் எர்ணாவூர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். எரிவாயு தகன மேடை என்றார்கள். முழங்கால் ஒத்துழைக்காது... ஆனாலும் போகிறேன்.

அங்கே எரிவது சாதாரண கேஸ்தான், துளசிங்கம். தீ நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். துடைப்பம் வேண்டாம்.

போய் வாருங்கள்.