மேடைக்கு வந்த கிணறு

என் மனைவி தனிநடிப்புச் செய்பவள். மேடையில் அவளைத் தவிர வேறு ஆளும் இல்லை, ஒரு சாமானும் இல்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடிக்கப் போன அன்று, "கிணறும் இல்லாமல் தண்ணி அள்ளுறதை ஆர் பாக்க வாறது?" என்று வழியெல்லாம் எரிந்து விழுந்தேன்.

"கிணத்தை நான் கொண்டு வாறன். நீங்கள் பேசாமல் மோட்டச்சைக்கிளை ஓடுங்கோ" என்றாள்.

இடம்பெயர்ந்து போய், பல வருடம் கழித்துத் தன் வீட்டு வளவுக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் கதை அது. மேடை நடுவில் குனிந்து, இல்லாத கயிற்றை இழுத்து, இல்லாத வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றினாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

முடிந்ததும் அவளைப் பாராட்டச் சனம் மேடையில் ஏறியது. ஒருவரும் நடுவால் போகவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், அந்த இடம் வந்ததும் பிள்ளையை மற்றப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் பலகைதானே!

அப்போது, பாராட்டெல்லாம் கேட்டுவிட்டு முகம் கழுவப் போயிருந்த என் மனைவி கைபேசியைப் பார்த்தபடி மேடைக்குக் குறுக்கே நேராக நடந்து வந்தாள்.

"பாத்து வாரும், கிணறு!" என்று கத்தியது நான்தான்.