ஞானம்மாள் திறந்த சன்னல்

நேற்றுக் காலை என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் பஸ்ஸில் வந்திறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "நம்ம ஞானம்மா நர்சு போயிட்டாங்க" என்றார். பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தக்கலையில் அவர்கள் கைபடாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. சிரித்தால் தெருவுக்கே கேட்கும், கோபித்தாலும் அப்படித்தான். எனக்கோ, அவர்கள் என்றால் அந்தச் சன்னல்தான் நினைவுக்கு வரும்.

முதல் பெண்ணை மஞ்சள்காமாலையில் பறிகொடுத்தவள் நான். பிறந்த அன்றே மஞ்சள் கண்டது. வயிற்றில் சூடு போட்டார்கள், பிழைக்கவில்லை. அடுத்து இவள் பிறந்தாள். காற்றுப் படக்கூடாதென்று அறையை அடைத்து, சாம்பிராணிப் புகைக்குள் கிடந்தோம். பகலும் இரவும் கலந்து, குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் ஞானம்மாள் வந்து சன்னலைத் திறந்தார்கள். வெயில் பிள்ளை மேல் விழுந்தது. மூக்கை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார்கள். அந்த இடம் மஞ்சளாயிருந்தது.

"சன்னலத் தொறந்துல்லா மஞ்ச உள்ள வந்துட்டு!" என்று மாமியார் அலறினார். சூடு போடுகிறவரை அழைத்துவர என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார்.

ஞானம்மாள் வாசலை மறித்தார்கள். "மூத்தவளுக்குப் பொறந்த அன்னைக்கே வந்துது, அது வேற. வயித்துக்குள்ள இருக்கச்சில பிள்ளைக்கு ரெத்தம் கூடுதல் வேணும். வெளிய வந்தா வேண்டாம்லா? மிச்சம் ஒடையும். அதுல உள்ள மஞ்சளாக்கும் இது. அத வெளியேத்த வேண்டிய ஈரலு இன்னும் அரை ஒறக்கத்துல கெடக்கு. மெதுவா முழிக்கும். ஒறங்குத பிள்ளைய யாராவது சூடு வச்சு எழுப்புவாவளா?"

என்னிடம் குரல் தணிந்தது. "அடிக்கடி பால் குடு மக்கா. வெளிக்குப் போகப் போக மஞ்சளும் போவும். பால் குடிக்காம தொவண்டு கெடந்தாலோ, மஞ்ச காலுவரை எறங்கினாலோ, நானே ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவேன்."

பயத்தில் எனக்குப் பால் சுரக்குமா என்றே தெரியவில்லை. சுரந்தது. தினமும் காலையில் வந்து, வெளிச்சத்தில் அந்தச் சின்னப் பாதத்தைக் கையிலேந்தி உட்கார்ந்திருப்பார்கள். அரைத் தூக்கத்தில் பார்ப்பேன், கனவா என்றிருக்கும். ஒருநாள், "ஈரலு முழிச்சிட்டு கேட்டியா!" என்று சிரித்தார்கள். தெருவே எட்டிப் பார்த்தது.

நேற்று மகளோடு போனேன். அவர்களைக் கிடத்தியிருந்த அறை அடைத்துக் கிடந்தது. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள், யாரும் சொல்லாமலே போய்ச் சன்னலைத் திறந்தாள். வெயில் அவர்கள் பாதத்தில் விழுந்தது. அந்தப் பாதத்தை என் கையிலேந்திக்கொண்டேன்.

உறங்குங்கள் அக்கா. யாரும் எழுப்பமாட்டோம்.