சாந்தாமணி அக்கா வாளை இறக்கி வைத்த புதன்கிழமை

சாந்தாமணி அக்கா தவறிவிட்டார். காலையில் ஆனைமலையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்... கஷ்டப்படவில்லையாம்.

என் ஃபிரண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனி. அக்கா பில்லிங், நான் டிராயிங், ஸ்டீபன் பர்ச்சேஸ். ஆபீஸில் இருந்த ஒரே கலர் மானிட்டர் சாப்பாட்டு நேரத்தில் எங்களுடையது.

ஸ்டீபன் எங்கிருந்தோ ஒரு கேம் சி.டி. கொண்டுவந்தான். கோட்டை, குகை, பூதம், மந்திரம்... மூன்று பேர் ஒரு குழு. அவன் வில்லாளி, நான் ஈட்டிக்காரன், அக்கா வாள் வீரன். முன்னால் நின்று வெட்டுவது அக்காதான். நாங்கள் பின்னால் பத்திரமாக நின்று வாய் மட்டும் பேசுவோம்.

சிலந்திக் குகையில் மாட்டிக்கொண்டோம். எப்போது போனாலும் விஷம் ஏறிச் செத்தோம். குழுவில் ஒரு வைத்தியர் இருந்தால்தான் தாண்ட முடியும்.

கேமில் ஒரு கோயில் உண்டு. அங்கே போய் வீரனை வைத்தியராக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் லெவல் மறுபடி ஒன்றிலிருந்து. பழைய லெவலைத் தாண்டும்வரை வாளைத் தொடவே முடியாது.

யார் மாறுவது? ஸ்டீபன் ஃபேனைப் பார்த்தான். நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன்.

"நான் மாறிக்கறனுங்க" என்றார் அக்கா. எங்களைவிட மூத்தவர்தான், ஆனாலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாது.

அன்று புதன்கிழமை. ஒன்றரை வரை ராகு காலம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவனுக்கு ஏது ராகு காலம் என்று சண்டை போட்டேன். புதுத் தொழில் ஆரம்பிக்கிறவன் எங்கே இருந்தால் என்ன என்று அக்கா கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருடைய அரிசிம்பருப்பு சாதத்தை நாங்கள் காலி செய்தோம்.

ஒன்றரை தாண்டியதும் தலையிலிருந்து ஒரு மல்லிகையைக் கிள்ளி மானிட்டர் மேல் வைத்தார். என்டர் தட்டினார்.

கவசம் போச்சு, வாள் போச்சு. வெள்ளை அங்கியில் குச்சியோடு ஒரு நோஞ்சான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவனை நம்பியா குகைக்குள் போவது?

"பாவம், காச்சல்ல கெடந்தவனாட்டம் நிக்கறானுங்க" என்று சிரித்தார் அக்கா.

அதற்கப்புறம் நாங்கள் முன்னால் நின்று அடி வாங்கினோம். அக்கா பின்னாலிருந்து குணப்படுத்தினார். மாதங்கள் போகப் போக நோஞ்சானும் தேறினான். இன்னும் ஒரு லெவல் ஏறினால் வாள் திரும்பக் கிடைத்துவிடும் என்ற நிலையில் குகைக்குள் போனோம்.

பெரிய சிலந்தி... ஸ்டீபனுக்கு அம்பு தீர்ந்தது. நான் செத்து விழுந்தேன். அக்காவுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு மந்திரத்துக்குத்தான் தெம்பு. தன்னைக் குணப்படுத்திக்கொண்டு ஓடியிருக்கலாம்.

அக்கா என்னை எழுப்பிவிட்டார். சிலந்தி அவரைக் கடித்தது, நான் ஈட்டியை இறக்கினேன். ஜெயித்துவிட்டோம்.

செத்தவரை எழுப்ப வைத்தியர் வேண்டும். செத்ததே வைத்தியர்.

முன்னால் சேவ் செய்து வைத்ததை லோட் பண்ணி, அக்காவைக் காப்பாற்றி, திரும்ப ஆடலாம் என்றான் ஸ்டீபன். வாள் கைக்கு வரப்போகிற நேரம் இல்லையா... அக்கா மவுஸைத் தள்ளி வைத்தார்.

"செயிச்சாச்சுல்லங்க. போச்சாது, உடுங்க கண்ணு."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கழுவப் போனார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வேஷம் இல்லை, நிஜமான சந்தோஷம்.

காலையில் ஸ்டீபனுக்குச் சொன்னேன். "பழைய சேவ் இருந்தா இப்ப லோட் பண்ணிப்போடலாம்டா" என்றான்.

அக்கா விடமாட்டாங்க என்றேன்.

ரெண்டு பேரும் பொள்ளாச்சி பஸ்ஸில் இருக்கிறோம் அக்கா. மதியத்துக்குள் வந்துவிடுவோம்... நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.