கிளட்ச் அக்காவின் மூக்கு

ஓட்டுநர் பள்ளி நடத்தும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கிளட்ச் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இதுதான் அவருக்குப் பொருந்தியது. வண்டிக்குள் லேசாகக் கருகல் வாடை வந்தால் போதும், "காலை எடு! கிளட்ச்சை வறுக்குறியா, வேக வைக்கிறியா?" என்று பாய்வார். டாக்டர்கள்கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயைச் சொல்வார்கள். அக்காவுக்கு மூக்கு போதும்.

அந்த மூக்கு சொன்ன தீர்ப்பால் ஓட்டுவதையே விட்டவர்கள் பலர். முதல் பலி அவருடைய சொந்தப் புருஷன். தையல்காரர். கல்யாணமான புதிதில், பெண்டாட்டியே குருவாகக் கிடைத்த பூரிப்பில் இதே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேட்டில் வண்டி நின்றது, வாடை கிளம்பியது. "உங்களுது தையல் மிஷின் மிதிச்ச காலு. கிளட்ச்செல்லாம் ஆகாது, விட்டுடுங்க" என்றார் அக்கா. மனிதர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். அன்றிலிருந்து துணி மூட்டையும் கையுமாகப் பஸ்தான். தெருவுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் வீட்டில், புருஷன் பஸ் கம்பியில் தொங்கினார்.

வண்டி இன்ஜின் எண்ணெயும் நிறையக் குடித்தது. "பானெட்டைத் தூக்கிப் பாக்கட்டுமாக்கா?" என்று எந்த மெக்கானிக்காவது கேட்டால், "என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? வயசானா குடிக்கத்தான் செய்யும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒருநாள் சிக்னலில் வண்டி புகைந்தது. ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிப்போனாள். வண்டி நின்றது நியூட்ரலில். கிளட்ச்மேல் யார் காலும் இல்லை. திட்டுவதற்குத் திறந்த அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். செய்தி கேட்ட தையல்காரர், கழுத்தில் டேப் தொங்க, பஸ் பிடித்துப் பதறி ஓடி வந்தார்.

"பாருங்கக்கா, இன்ஜின் மேல்மூடி ஓரமா எண்ணெய் கசியுது. நேரா சைலன்சருக்குப் போற குழாய்மேல சொட்டி, சூட்டுல கருகுது. மூடிக்கு அடியில இருக்குற ரப்பர், வால்வு கவர் கேஸ்கெட், போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றான் மெக்கானிக்.

அக்கா புருஷனைப் பார்த்தார். பிறகு, போதும் நிறுத்து என்று மெக்கானிக்குக் கண்ஜாடை காட்டினார்.

"என்னக்கா, கண்ணுல தூசியா?" என்றவன் தையல்காரர் பக்கம் திரும்பினான். "இந்த வாடையைக் கிளட்ச்சுன்னு நினைச்சு, நல்ல கிளட்ச்சைக் கழட்டிப் போடுற புண்ணியவான்லாம் இருக்காங்க மாமா!"

போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். மூடியின் ஓரப் பள்ளத்தில் கிடந்த ரப்பரை நெம்பினால் அது துண்டு துண்டாக உடைந்து வந்தது. தையல்காரர் ஒரு துண்டை எடுத்து வளைத்தார். படக்கென்று ஒடிந்தது.

"இது எவ்வளவு நாளாப்பா ஒழுகுது?"

"குழாய்மேல கரியைப் பாருங்க மாமா. உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்!"

சொன்னவன் மட்டும் சிரித்தான்.

"வேலையைப் பாருடா தம்பி" என்றார் அக்கா.

அவன் பள்ளத்தை வழித்துத் துடைத்தான். புது கேஸ்கெட்டை விரலால் அழுத்திப் பதித்தான். மூடியை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். அவ்வளவு நேரமும் தையல்காரர் வாயே திறக்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிக் கணக்கைத் தீர்த்திருப்பார். பேசாத மனிதனிடம் என்ன செய்வது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இன்ஜினில் இருந்தது, பழி பஸ்ஸில் போய்வந்தது.

இன்ஜின் ஓடிச் சூடேறியது. வாடையில்லை.

"அப்போ என் காலு நல்ல காலுதான்" என்றார் தையல்காரர், தரையைப் பார்த்து.

"காலு நல்லதுதான். அன்னைக்குக் கண்ணாடியைப் பாக்காம வளைச்சீங்களே, அதுவும் கேஸ்கெட்டாலதானா?"

மன்னிப்பு தொண்டை வரை வந்துவிட்டு, வழி தவறி இப்படி வெளியே வந்தது. அக்காவுக்கே அது கேட்டது. வண்டியைச் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"ஏறுங்க. பட்டறைக்குப் பின்னாடி மைதானம் காலியாத்தான் இருக்கு. அங்க இருக்குற மேட்டுல ஏத்துங்க."

அவர் ஏற்றினார். பாதி மேட்டில் வண்டி குலுங்கி அணைந்து, பின்னால் உருண்டது. பயிற்சி வண்டிகளில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அக்காவின் கால் அதைத் தேடிப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"ஏய், என்ன பண்ற!" என்று அலறிய தையல்காரர் தன் பிரேக்கைத் தானே மிதித்தார். வண்டி நின்றது.

"கால் வலிக்குது. இனிமே நீங்களே பாத்துக்குங்க."

அவர் மறுபடி கிளப்பினார். கிளட்ச்சை மெல்ல, மெல்ல விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறியது. அதுவரை அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.