மாம்பழ ஈயோடு குடித்தனம்

கடையில் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரை 'ஈ ஓட்டுகிறார்' என்று சொல்வது நம் வழக்கம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், ஈயை வா வா என்று கூப்பிட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.

திருப்பதியில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மாம்பழ ஈதான் என் பாடம். வீட்டில் சுற்றும் ஈ இல்லை இது. இடுப்பு ஒடுங்கி, முதுகில் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு, பார்க்க லட்சணமாகவே இருக்கும். பெண் ஈ, பழுக்கப்போகிற மாங்காயின் தோலில் ஊசி போடுவதுபோல் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆசையாக வாங்கிவந்த பழத்தை அறுத்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிவதைப் பார்த்து 'சீ' என்று தட்டைத் தள்ளியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி. அதோடு, நீங்கள் செய்கிற வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துபோனவராகவும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பெண் பார்த்த அன்று

நகரியில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் பவர்லூம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா எங்கள் தறியை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுத் தறிகளை யார் நிறுத்துவது? அது ஒருபக்கம் தடதடவென்று ஓட, காலமெல்லாம் தறிச் சத்தத்தில் இருந்து காது மந்தமான நைனா இன்னொரு பக்கம் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா, "பொண்ணு இன்னா வேல பண்ணுது?" என்று கேட்டார். "ஈ ஆராய்ச்சி!" என்றார் நைனா. தாய்மாமா முகம் மலர்ந்துவிட்டது. "ஈ-மெயில், ஈ-ஆபீஸ் மாதிரியா? கம்ப்யூட்டர் லைனு. நல்ல ஃபீல்டு" என்று எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார்.

அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். நைனாவுக்குப் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவதில் இஷ்டமில்லை. பஜ்ஜித் தட்டில் வந்து உட்கார்ந்த ஈயைக் காட்டி, "அந்த ஈ இல்ல அண்ணே, இந்த மாதிரி ஈ" என்றார். அப்புறம் பக்கத்து வீட்டுத் தறி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பாஸ்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலைய வீட்டுக்கு எடுத்துக்கினு வர மாட்டியே?"

நாராயணவனத்தில் ஒரு முகூர்த்தம்

ஆண் ஈக்களை மயக்குகிற ஒரு எண்ணெய் இருக்கிறது. அதில் ஊறவைத்த மரத்துண்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிட்டால், எங்கெங்கோ இருக்கிற ஆண் ஈக்கள் எல்லாம் வாசனை பிடித்துக்கொண்டு வந்து உள்ளே விழும். பெண் ஈ திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த எண்ணெய் கையில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுசாகப் போகாது. நமக்குத் தெரியாது, ஈக்குத் தெரியும்.

புத்தூர் பக்கம் ஒரு தோப்பில் காலையில் டப்பா கட்டிவிட்டு, அங்கேயே பம்ப்செட்டில் கைகால் கழுவிக்கொண்டு, பட்டுப்புடவை மாற்றி, அதற்குள் என் கணவராகிவிட்ட பாஸ்கரின் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாராயணவனம் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் மாந்தோப்பு. தாலி கட்டுகிற நேரத்துக்கு ஒரு ஈ என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. அட்சதை போடக் கையைத் தூக்கினால் புறங்கையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஓட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடம். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தாலும், மனசுக்குள் ஒரு ஆச்சரியம். இத்தனை சந்தனம், இத்தனை மல்லிகை, இத்தனை சாம்பார் வாசனைக்கு நடுவில் என் கையை எப்படிக் கண்டுபிடித்தன? அதெல்லாம் ஆண் ஈதான் என்று பாஸ்கரின் காதில் மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. "இவளுக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுன்னு யாராவது அதுங்ககிட்ட சொல்லுங்களேம்பா!"

துளசிமாடம்

அத்தை, அதாவது என் மாமியார், தினமும் காலையில் துளசி பறித்துப் பெருமாள் படத்துக்கு வைப்பார். ஒரு நாள் அவசரமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், இலை கிள்ளிய காம்புகளில் நாலைந்து மாம்பழ ஈக்கள் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. நான் டப்பாவில் வைக்கிற அதே வாசனை துளசி இலையிலும் கொஞ்சம் உண்டு. புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் தினமும் அந்த மாடத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடியிருக்கிறேனே தவிர, குனிந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் அங்கேயே குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"எல்லாம் ஆம்பளை ஈதானா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை, பெண் ஈ இந்த வாசனைக்கு வராது, ஏன் என்று பெரிய பெரிய ஆட்களே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதுல இன்னா ஆராய்ச்சி? காலைல பொம்பளைக்கு வேலை இருக்கும்."

காலில்லாத ஓட்டக்காரன்

அலிபிரி ரோட்டில் தள்ளுவண்டியில் பாஸ்கர் மாம்பழம் வாங்கிவந்தார். ஒன்றை அறுத்தால் புழு. மற்ற வீடுகளில் அது குப்பைக்குப் போகும். எங்கள் வீட்டில் மூன்றாவது படிக்கும் மகள் ஹரிணி அதைத் தட்டில் வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல். புழு தட்டிலிருந்து துள்ளிச் சாப்பாட்டு மேஜையில் விழுந்திருக்கிறது.

முதிர்ந்த புழு, பழத்தை விட்டு மண்ணுக்குள் போகிற நேரத்தில் இப்படிக் குதிக்கும். வாயால் தன் வாலைக் கவ்விக்கொண்டு வளையம் மாதிரி வளைந்து, விறைத்து, சட்டென்று விடும். வில்லிலிருந்து போவதுபோல் பறந்து விழும். பாஸ்கர் அளவு டேப்பை எடுத்துவந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மேஜையில் ஸ்போர்ட்ஸ் டே. இரண்டு புழுக்களுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஹரிணி மட்டும் கடைசியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்குக் காலே இல்லம்மா, ஆனா இவ்ளோ தூரம் குதிக்குது. எனக்கு ரெண்டு காலு இருக்குது, பி.டி. சார் திட்டிக்கினே இருக்காரு."

தனபாலின் தோப்பு

சித்தூர் பக்கத்துக் கிராமத்தில் தனபால் என்பவருக்குப் பங்கனப்பள்ளி தோப்பு. முந்தின வருஷம் மண்டியில் வியாபாரி நாலு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வண்டியையே திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருஷமும் அப்படி ஆனால் மரத்தை வெட்டிவிட்டு வேறு ஏதாவது போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நைனா வைத்த மரங்கள். நான் போய் மரத்துக்கு மரம் டப்பா கட்டினேன். அடுத்த வாரமே போன். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு டப்பாவிலும் செத்த ஈ குவிந்துகிடக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். தனபாலுக்குக் கோபத்தில் தெலுங்கு முந்திக்கொண்டது. "ஏந்தி மேடம் இதி? இன்னா இது? உங்க டப்பா வரதுக்கு முந்தி இத்தினி ஈய நான் பார்த்ததே இல்ல. ஊர்ல இருக்கிற ஈயெல்லாம் என் தோப்புக்குக் கூப்ட்டு உட்டுட்டீங்க!"

ஈ முன்பே இருந்தது, கண்ணில் படவில்லை அவ்வளவுதான் என்று எப்படிச் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டப்பாக்களை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி கௌரியிடம் மட்டும், கீழே விழுந்து கிடந்த பழங்களை ஒரு பக்கெட்டில் மணல் போட்டு அதன்மேல் வைத்து, துணியால் மூடி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ரெண்டு வாரம் கழித்து அந்தம்மாவே போன் செய்தார். பக்கெட்டுக்குள் துணியை முட்டிக்கொண்டு ஈ பறக்கிறதாம். "வெளியில இருந்து ஒண்ணும் வரல மேடம். எல்லாம் எங்க பழத்துலயே கீது. இவருகிட்டக் காட்டிட்டேன், வாயே தெறக்கல" என்றார்.

டப்பாக்கள் மறுபடி மரத்துக்குப் போயின. விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினார்கள். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் தனபாலின் அண்ணன் தோப்பு. அங்கேயும் கட்டாவிட்டால், அங்கே பிறக்கிற ஈ இங்கே வரும். நீங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும் என்றேன். தனபால் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். பாகப்பிரிவினைத் தகராறில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை என்று கௌரி பிறகு சொன்னார். அடுத்த முறை நான் போனபோது வரப்பின் இரண்டு பக்கமும் டப்பா தொங்கியது. அறுவடையில் மண்டிக்காரர் அறுத்துப் பார்த்த பழம் எல்லாம் சுத்தம். மரமும் தப்பித்தது. வண்டியில் பழம் ஏற்றுகிறபோது, அந்தப் பக்கத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவரைக் காட்டித் தனபால் சொன்னார்: "சொந்தக்காரங்க எவ்ளோ பேர் வந்து பேசிப் பார்த்தாங்க மேடம், ஆவல. இந்தப் பாழாப்போன ஈயால அண்ணங்கிட்டப் பேச வேண்டியதாப் போச்சு."

மொட்டை மாடியில்

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதம், ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. நின்றுவிட்டது. கூட்டுப்புழுக்களை அங்கே விட்டால் வெந்துபோகும். ஒரே தோப்பின் ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கொண்டுவந்திருந்தேன். அது போனால் ஒரு வருஷ வேலை போச்சு. வேறு வழியில்லாமல் தட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் படுக்கையறையில் குளுமையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அத்தையிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லி பாஸ்கரிடம் சொன்னேன். பாஸ்கர் மறந்துவிட்டார்.

கூட்டுப்புழு பார்க்கப் பழுப்பு நிறத்தில் அரிசி மாதிரி, கோதுமை மாதிரி இருக்கும். மத்தியானம் திரும்பி வந்தால் தட்டு இல்லை. மாடிக்கு ஓடினேன். வெள்ளை வேட்டியில் மோர்மிளகாய் ஒரு பக்கம், என் கூட்டுப்புழு ஒரு பக்கம், பதமாகப் பரப்பிக் காய்ந்துகொண்டிருக்கின்றன. "ஏதோ தானியம், நமத்துப்போயிருந்துச்சு. வண்டு வச்சிடப்போவுதேன்னு..." என்று பின்னால் வந்த அத்தை என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அழுகைதான் வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஈர மணலில் வைத்துக் கீழே கொண்டுபோனேன். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. பாஸ்கர் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். மறுநாளிலிருந்து அத்தை காப்பி போடுவதற்கு முன்னால் அந்தத் தட்டைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் அசையவில்லை. நான் மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். அத்தை விடவில்லை.

ஒரு காலையில், "செல்வி, ஓடியா! ஓடியா!" என்று அத்தையின் குரல். ஒரு கூட்டின் முனை மூடிபோல் விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து ஈயின் நெற்றி பலூன் மாதிரி உப்பி உப்பி அந்த மூடியைத் தள்ளுகிறது. கொஞ்சம் ஓய்வு. மறுபடி தள்ளல். பாஸ்கர் வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறார். ஹரிணி மூச்சு விடவில்லை. அத்தை பிரசவ அறையில் நிற்பவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு, தள்ளு, அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுக்கிறார். அது வெளியே வந்தது. வெளுத்துப்போய், நனைந்த காகிதம் மாதிரி கசங்கிய இறக்கையோடு. எத்தனையோ ஆயிரம் ஈ பிறந்ததைக் கணக்கில் எழுதியிருக்கிறேன், ஒன்று பிறப்பதை அப்படி நின்று பார்த்தது அன்றைக்குத்தான். இறக்கை மெல்ல விரிந்தது, முதுகில் மஞ்சள் கோடு ஏறியது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. ஆனாலும் வம்சம் தொடரப் போதுமானது தேறிவிட்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோ பாடுபட்டுப் பொறக்குது. இதைப் போய் எப்படிச் சாவடிக்கிறதுன்னா நீ இத்தினி படிப்பு படிச்சே?"

எங்கள் வீட்டில் ஆராய்ச்சி பண்ணாதவர்கள் என்று யாருமே இல்லை, அதற்கு மாதச் சம்பளம் வாங்குவது மட்டும் நான் ஒருத்திதான்.