மார்லிஸும் சொன்ன பேச்சுக் கேளாத துப்பாக்கியும்

மார்லிஸ் டொஃப்டே சூரியகாந்தி விதையை வாயின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் சுடுவார். விசையை அழுத்தும்வரை அதைக் கடிப்பதில்லை. தோட்டா போன பிறகு ஒரு கடி, தொலியைக் காபி டப்பாவுக்குள் துப்பல், அப்புறம்தான் அடுத்த தோட்டா. எங்கள் சங்கத்துச் சுடுதளத்தில் நான் அவருக்குப் பக்கத்து மேசை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் அவர் வந்துவிட்டதைக் கண்டுபிடித்துவிடுவேன். டப், கடக், தூ.

நன்றாகச் சுட்டால் வாய் திறக்க மாட்டார். குறி தவறினால்தான் பேச்சே. "நான் ஒழுங்காத்தான் விட்டேன். நடுவழியில அது எங்க சுத்தப் போச்சுன்னு அதைத்தான் கேக்கணும்" என்பார். காற்றைக் குறை சொல்வார், தோட்டா செய்த கம்பெனியைச் சொல்வார், தும்மியதற்காக என்னைச் சொல்வார். தன்னைத் தானே குறை சொன்னதை மட்டும் நான் கேட்டதில்லை. எரிச்சலான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

வாரநாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில், ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் தடம். குளிர்காலத்தில் சாலை எது, பள்ளம் எது என்று பாதி நாள் தெரியாது. ஆனாலும் மணியடிக்கும் முன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அவர் தலைக்கு மேலே, பின்னிருக்கைகளைக் காட்டும் நீளமான கண்ணாடி ஒன்று இருக்கிறது. "ஆப்பிளை எறிஞ்சது யாருன்னு நான் கேக்கவே மாட்டேன். கண்ணாடியில பாப்பேன். எல்லாப் பிள்ளையும் என்னையப் பாக்கும். எறிஞ்சவன் மட்டும் ஜன்னலுக்கு வெளிய மரத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்." என் மகளும் அந்த வண்டியில் போய் வந்தவள்தான். அப்பா அம்மாவிடம் மறைக்க முடிந்ததையெல்லாம் மார்லிஸிடம் மறைக்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அவருடைய துப்பாக்கி மான் வேட்டைக்கு எடுத்துப்போகும் ரகம் அல்ல. மெலிந்த சின்னத் தோட்டா போடும் போட்டித் துப்பாக்கி. குழல் கனமானது. ஒருமுறை சுட்டால் வெற்றுக்கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஐம்பது கஜத் தொலைவில் இருக்கும் தாளில் அவர் விட்ட தோட்டாக்கள் எல்லாம் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடும். அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. பல் துலக்கும் பிரஷ்ஷை இரவல் கேட்பீர்களா என்பார்.

இந்த வசந்தத்தில் அது கெட்டது.

முழுதாகக் கெட்டிருந்தால் தொல்லையில்லை. முதல் சில தோட்டாக்கள் பொத்தானுக்குள் விழும். பிறகு ஒன்று மேலே இடதுபுறம் போகும், இன்னொன்று கீழே. பிறகு சமர்த்தாக இரண்டு. அப்புறம் ஒன்று தாளின் ஓரத்துக்கே போய்விடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து வந்தால் மறுவாரம் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும். "ஆச்சு, சரியாயிருச்சு" என்று மார்லிஸ் சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிடும்.

"கண் டாக்டரைப் போய்ப் பாத்தியா, மார்லிஸ்?" என்று சுடுதளப் பொறுப்பாளர் டெல்மர் கேட்டார்.

"ஒன் மூஞ்சி இங்கேருந்தே தெளிவாத் தெரியுது, டெல்மர். அதான் என் கஷ்டமே."

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது மார்லிஸின் சட்டம். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். முதலில் தோட்டாவை மாற்றினார். நாலைந்து வகை வாங்கி ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். பிறகு கட்டையையும் இரும்பையும் பிணைக்கும் திருகாணிகளை அளவு பார்த்து முறுக்கினார். குறிபார்க்க மேலே மாட்டும் என்னுடைய ஸ்கோப்பைக் கழற்றி அவர் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தோம். அடியில் செருகும் தோட்டாப் பெட்டியை மாற்றினோம். தானே ஏறும் தோட்டா உள்ளே போகும்போது எங்கேயாவது உரசிக் காயப்படுகிறதா என்று சுடாத தோட்டாக்களை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். காயமில்லை. குழலின் வாயில் நசுங்கல் இல்லை. வெயில், குளிர், காற்று எதோடும் பொருந்தி வரவில்லை.

இந்த வேலையெல்லாம் நடந்தது அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில். கூடவே நின்று கைவிளக்கைப் பிடித்தவர் அவருடைய கணவர் ஓரின். ஓரின் சுட மாட்டார். சனிக்கிழமைகளில் மார்லிஸை அழைத்து வந்து, சுடுதளத்துக்கு வெளியே பிக்கப் வண்டியில் பேப்பர் படித்தபடி காத்திருப்பார். லூத்தரன் தேவாலயச் சபையின் பொருளாளர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரே சொல்லும். கோழி வாங்க வந்தவரிடம், "இதை விட்டுருங்க, இது சரியா முட்டை போடாது" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார். மார்லிஸ் திருகாணியோடு மல்லுக்கட்டும்போது, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமாக் காட்டட்டுமா, மார்லி?" என்று மெதுவாகக் கேட்பார். புது ஸ்கோப் ஒன்றைப் பார்த்து வர மார்லிஸைப் பக்கத்து நகரத்துக்கு வண்டியில் அழைத்துப் போனவரும் அவர்தான். நல்ல கணவர் என்று நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் அதை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், வேறு அர்த்தத்தில்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. சபையிலிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் துப்பாக்கியின் பின்பக்கம் மூடியிருக்கும். நேராகக் கம்பி விட்டுத் துடைக்க முடியாது. அதனால் மார்லிஸ் ஒரு கயிற்றின் நுனியில் துணியைக் கட்டி, ஒரே இழுப்பில் இழுத்துவிடுவதுதான் வழக்கம். என்னிடம் முன்வாய் வழியாக விடும் நீளக் கம்பி ஒன்று இருந்தது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று எடுத்துப் போயிருந்தேன்.

இறுக்கமான துணியைச் செருகி மார்லிஸ் கம்பியை மெல்ல உள்ளே தள்ளினார். ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பாதியைத் தாண்டியதும் அவர் கை நின்றது. பின்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார். விதை மெல்லும் வாயும் நின்றுவிட்டது.

"ஒன் கையால தள்ளிப் பாருப்பா" என்றார்.

தள்ளினேன். இறுக்கம், இறுக்கம், திடீரென்று ஒரு விரற்கடை தூரம் ஒன்றுமே இல்லாதது போல வழுக்கிப் போனது. பிறகு மறுபடி இறுக்கம். குழல் அந்த இடத்தில் உள்ளே வீங்கியிருந்தது. கனத்த குழல் என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சுடச் சுட அந்தப் பள்ளத்தில் ஈயம் சேர்ந்திருக்கிறது. சேரச் சேரக் குறி சிதறியிருக்கிறது. சுத்தம் செய்தால் ஏன் கொஞ்ச நேரம் குணமானது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

குழல் அப்படி வீங்க ஒரு காரணம்தான் உண்டு. சரியாக வெடிக்காத தோட்டாவின் குண்டு வெளியே போகாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அதன் பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டுவிட்டால்தான் இப்படி ஆகும். மார்லிஸ் அப்படிச் செய்கிறவர் அல்ல. சத்தம் கொஞ்சம் குறைந்தாலே கையைத் தூக்கிவிடுவார்.

அவர் என் பக்கம் திரும்பினார். மார்ச்சில் மார்லிஸின் அக்காவைப் பார்க்க அவர்கள் இருவரும் டலூத் நகரத்துக்குப் போயிருந்தபோது துப்பாக்கி என் இரும்புப் பெட்டியில்தான் இருந்தது.

"நீ இதைச் சுட்டியா?"

"இல்ல, மார்லிஸ்."

"சுட்டிருந்தா சொல்லிரு. நான் கத்த மாட்டேன்."

"பெட்டியத் திறக்கவே இல்ல. சத்தியமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தப்பும் செய்யாத எனக்குக் காது சுட்டது. உதவிக்கு ஓரினைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கொளி மட்டும் அசையாமல் குழல் மேல் இருந்தது. இந்த மனிதர் ஏன் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நினைத்தேன்.

"அவன் இல்ல, மார்லி" என்றார் ஓரின். "நான்தான்."

மார்லிஸ் சிரித்தார், ஓரின் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பனி உருகுற சமயம், காலையில ரக்கூன் ஒண்ணு கோழிக்கூட்டுல பூந்துருச்சு. நீ வண்டியெடுக்கப் போயிட்ட. கைக்கு இதுதான் அகப்பட்டுது. சுட்டேன், சும்மா புஸ்ஸுன்னுச்சு. தோட்டா ஏத்துற போல்ட்டைக் கையால இழுத்துவிட்டு மறுபடி சுட்டேன். என்னமோ மூஞ்சில அடிச்சுது. ரக்கூன் ஓடிருச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் இல்ல. தொடச்சு வெச்சுட்டேன்."

"கன்னத்துல கீறல் இருந்துச்சே. வெறகு சிலும்பு தெறிச்சுதுன்னு சொன்னியே."

"ஆமா. சொன்னேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ குறி தவறுதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்கே பயம் வந்துச்சு. தோட்டா மாத்தினா சரியாயிரும்னு பாத்தேன். அப்புறம் ஸ்க்ரூவுல சரியாயிரும்னு பாத்தேன். ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் சொல்லிரலாம்னு வாயைத் திறப்பேன். நீ அடுத்ததை ஆரம்பிச்சிருவ. அப்புறம் சொல்ற காலமே தாண்டிப் போயிருச்சு, மார்லி."

மார்லிஸ் ஓரினின் கையிலிருந்து விளக்கை வாங்கி அணைத்தார். கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே நல்ல வெயில். நான் என் கம்பியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். வீடு போய்ச் சேரும்வரை காரில் ரேடியோ போடத் தோன்றவில்லை. கோழியின் குறையைக்கூட மறைக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்த மனிதர், வசந்தம் முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் பழி என் தலையில் விழுந்தபோதும், கொஞ்ச நேரம் விழட்டும் என்று விட்டிருக்கிறார்.

மார்லிஸ் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் நிறுத்தியிருந்த, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய முகாம் வண்டிக்கு, காபிப் பாத்திரத்தோடும் விதைப் பையோடும் குடிபோனார். அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தார். ஓரின் தினமும் சாயங்காலம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்த பாத்திரத்தை அதன் படியில் வைத்துவிட்டுப் போவார். காலையில் அது கழுவித் துடைத்து அதே படியில் இருக்கும்.

கம்பியை எடுத்துவரும் சாக்கில் நான் போனேன். கால்களைப் படியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னையக் கேட்டேன் பாரு, அது தப்பு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விடு, மார்லிஸ்."

"கொழல் போனா போகுது. வேற வாங்கிப் போட்டுக்கலாம். ரக்கூனைச் சுட்டதுகூடப் போகட்டும். லைட்டப் பிடிச்சுட்டு நின்னான் பாரு. எனக்குக் கண்ணு வலிக்குது, ‘இந்தப் பக்கமாக் காட்டட்டுமா’ன்னு கேக்குறான்." உள்ளங்கையில் இருந்த விதைகளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். "ஒரு பஸ்ஸு நெறையப் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கிறவ நான். இவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல. பக்கத்துலயே இருந்தான்ல."

நான் படியோரத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் எடக்கைக்காரன், தெரியுமா?" என்றார் திடீரென்று. "எடது தோள்ல வெச்சுத்தான் சுட்டிருப்பான். கூடு வெளிய வர்ற ஓட்டை வலப்பக்கம், அதுக்கு நேரா மூஞ்சி. அதுலேருந்து தெறிச்ச பித்தளைத் துணுக்கு கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். நான் ஏரியைச் சுத்திப் பாட்டுக் கேட்டுட்டு பஸ் ஓட்டிட்டிருந்திருப்பேன்." கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று அவரைப் பிடித்திருந்தது. கையில் இருந்த விதைகளில் ஒன்றைக்கூடக் கடிக்காமல் பைக்குள் திரும்பக் கொட்டினார்.

அந்த வாரமே வீட்டுக்குள் போய்விட்டார். முகாம் வண்டியின் கூரை மழைக்கு ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை.

புதுக் குழலை அவரே பொருத்தினார். அடுத்த சனிக்கிழமை டெல்மர் வாயைத் திறக்கும் முன்பே, "இன்னிக்கு ஒண்ணும் பேசாத" என்று சொல்லிவிட்டார். துப்பாக்கியை மேசையில் வைத்தார். உட்காராமல் வெளியே போனார். பிக்கப்பின் கண்ணாடியைத் தட்டுவது கேட்டது. ஓரின் பேப்பரை மடித்துவிட்டு இறங்கி வந்தார். ஒருநாளும் உள்ளே வந்திராதவர், தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"உக்காரு" என்றார் மார்லிஸ்.

"மார்லி, நான் எதுக்கு..."

"மொதத் தோட்டா நீதான் விடணும். உக்காரு. சத்தம் சின்னதா வந்தா கைய எடுத்துரு. வேற ஒண்ணும் பண்ணாத. என்னையக் கூப்பிடு."

மார்லிஸ் தன் காதுமூடிகளை ஓரினின் காதில் வைத்தார். கண்பாதுகாப்புக் கண்ணாடியை அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திவிட்டார். நான் என்னுடையவற்றைக் கழற்றிக் கொடுக்க, அவற்றைத் தான் போட்டுக்கொண்டார். ஓரின் துப்பாக்கியை இடது தோளில் வைத்தார். கன்னம் கட்டையில் படிந்தது. கூடு தெறிக்கும் ஓட்டை அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

மார்லிஸ் அவருக்குப் பின்னால் குனிந்தார். வலது கையைக் கிண்ணம்போல் குவித்து, அந்த ஓட்டைக்கும் அவர் கன்னத்துக்கும் நடுவில் பிடித்தார். ஓரின் சுட்டார். முழுச் சத்தம். சுடச்சுட வந்த பித்தளைக் கூடு மார்லிஸின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் கையை உதறவில்லை. அப்படியே வைத்திருந்தார், அடுத்த தோட்டாவுக்கும்.